படத்தில் மாக் 2

நகராத பொருளைப் படம் எடுப்பது சுலபம் என்று நினைப்பவர்கள், பள்ளி விடுமுறையின்போது ஒரு விமான அருங்காட்சியகத்துக்குக் கேமராவும் கையுமாகப் போய்ப் பார்க்க வேண்டும். பறக்கிற விமானத்தைக்கூட எடுத்துவிடலாம். வானத்தில் அதன் மூக்குக்குப் பக்கத்தில் நின்று இரண்டு விரலைத் தூக்கிக் காட்ட யாரும் இருக்க மாட்டார்கள். பணி ஓய்வு பெற்றுப் புல்தரைக்கு வந்துவிட்ட போர் விமானத்தின் கதை வேறு. அது பொதுச் சொத்து. அதன் முன்னால் நிற்க எல்லோருக்கும் உரிமை உண்டு. அதைத் தனியாகப் பார்க்கும் உரிமைதான் யாருக்கும் இல்லை.

பெங்களூரு பழைய விமான நிலையச் சாலையில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. ‘எச்.ஏ.எல். மியூசியம்’ என்று சொன்னால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். 2001-இல் திறந்தார்கள். கூடங்களுக்குள் பழைய புகைப்படங்கள், அறுத்து வைத்த எஞ்சின்கள், மாதிரிகள். வெளியே மரங்களுக்கு நடுவே நிஜ விமானங்கள். மிக் இருக்கிறது, கான்பெரா இருக்கிறது, அஜீத் இருக்கிறது. நான் போனது இவை எதற்காகவும் அல்ல. எச்.எஃப்.-24 மாருத்துக்காக. இந்தியாவில் வடிவமைத்து, இந்தியாவிலேயே கட்டி, இந்திய விமானப்படை ஓட்டிய முதல் ஜெட் போர் விமானம் அது.

நான் மட்டும் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. மாரத்தஹள்ளியில் இருக்கும் மைத்துனன் வீட்டுக்குப் போயிருந்தபோது, “காலையில் ஒரு எட்டு மியூசியம் போயிட்டு வந்திடறேன்” என்று வாய் தவறிச் சொன்னேன். மறுநாள் புளியோதரை, தண்ணீர்ப் பாட்டில்கள், குழந்தைகளுக்குத் தொப்பி சகிதம் ஒரு முழுக் குடும்பமே புறப்பட்டு வாசலில் நின்றது. மாமனார் வேட்டியில் கஞ்சி மொடமொடக்க முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சக்கரம் வைத்த எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்.

மாருத்தைப் பார்த்ததும் கேட்டார். “மாப்பிள்ளை, இது மைலேஜ் என்ன கொடுக்கும்?”

“இதுக்கெல்லாம் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு கேக்கக் கூடாது மாமா. கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்னு கேக்கணும்.”

“அப்ப அரசாங்கம்தான் கட்டுப்படி பண்ண முடியும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நிழல் தேடிப் போனார்.

மாருத்தை ஒரு முறை பக்கவாட்டில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் மேல் ஒரு மயக்கம் வராமல் போகாது. நீண்டு கூர்ந்த மூக்கு. பின்னோக்கிச் சரிந்த இறக்கைகள். நடுவில் சற்றே ஒடுங்கிய உடல். போர் விமானத்துக்கு எதற்கு இடுப்பு என்று கேட்கலாம். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்று முரண்டு பிடிக்கும். இறக்கை இருக்கும் இடத்தில் உடலைக் கொஞ்சம் ஒடுக்கினால், மூக்கிலிருந்து வால்வரை மொத்தக் குறுக்குப் பரப்பு திடுமென்று ஏறி இறங்காமல் சீராகப் போகும், முரண்டும் குறையும். ரிச்சர்ட் விட்காம் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1950-களில் நிறுவிக் காட்டிய விதி இது. இதை நான் கையை ஆட்டி விளக்கியபோது மனைவி விமானத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். “இரும்புக்கே இடுப்பு இருக்கு” என்றாள். அது இரும்பு இல்லை, பெரும்பாலும் அலுமினியக் கலவை என்று திருத்த நினைத்தேன். பேச்சு அந்தத் திசையில் வளர்வது எனக்கு நல்லதல்ல என்பதால் லென்ஸ் மூடியைக் கழற்றினேன்.

படம் எடுப்பவனுக்கு இந்த இடுப்புதான் சோதனை. எதிரே நின்று எடுத்தால் அது தெரியாது. முழுப் பக்கவாட்டில் எடுத்தால் இறக்கை மறைக்கும். மூக்குக்குச் சற்று முன்னால், ஒரு பக்கமாக ஒதுங்கி, ஓர் இடம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் மூக்கு, காக்பிட், காற்று உள்ளே போகும் வாய், ஒடுங்கிய உடல், வால் எல்லாம் ஒரே கோட்டில் ஓடும். அந்த இடம் எனக்குத் தெரிந்தது போலவே அன்று பெங்களூருக்கு வந்திருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அவர்களுக்கு அது நல்ல பின்னணி. எனக்கோ பின்னணியே விஷயம்.

முதலில் வந்தது ஒரு குடும்பம். நம் ஊரில் குடும்பப் படம் என்பது சட்டென்று முடிகிற காரியமல்ல. பெரியவர் நடுவில், மருமகள் ஓரத்தில், குழந்தை முன்னால் என்று வரிசை அமைந்ததும், எடுப்பவரும் படத்தில் இருக்க வேண்டும் என்று பாட்டிக்குத் தோன்றும். உடனே சுற்றிப் பார்ப்பார்கள். கழுத்தில் கேமரா தொங்க ஒருவன் சும்மா நிற்பது கண்ணில் படும். “சார், ஒரே ஒரு போட்டோ...” கேமரா வைத்திருப்பவன் ஊருக்கே கடமைப்பட்டவன். எடுத்துக் கொடுத்தேன். பாட்டி கண்ணை மூடிவிட்டதால் மறுபடி எடுத்தேன். அதைப் பார்த்த அடுத்த குடும்பம், என்னை அருங்காட்சியகமே இந்த வேலைக்கு அமர்த்தியிருப்பதாக நினைத்து வரிசையில் நின்றுகொண்டது.

பிறகு ஒரு புதுமணத் தம்பதி. மாப்பிள்ளை தாம் ஒரு விமானி என்பது போல இடுப்பில் கை வைத்துத் தொலைவானத்தைப் பார்த்தார். பெண் அதைப் பல கோணங்களில் எடுத்தாள். ஓர் இளைஞன் இறக்கை நுனியைத் தன் உள்ளங்கையில் தாங்குவது போலத் தெரிய வேண்டும் என்று நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். “இன்னும் கொஞ்சம் கீழே... கை விமானத்துக்குள்ள போகுது பாரு...” ஓர் அப்பா பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுப் பையனிடம், “நம்ம கார் இருக்கில்ல, அதே கம்பெனி” என்றார். பையன் நம்பிக்கையோடு வைப்பரைத் தேட ஆரம்பித்தான்.

இவர்கள் விலகும்வரை சும்மா நிற்பானேன் என்று விமானத்தின் கதையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அதைப் பெண் வீட்டுக்கு அனுப்பிய மாப்பிள்ளைப் போட்டோ ஒன்றின் கதை என்றே சொல்லலாம். படத்தில் பார்த்தால் ராஜா. நேரில் விசாரித்தால் உத்தியோகம் மட்டும் இன்னும் அமையவில்லை.

வடிவமைத்தவர் சாதாரண ஆள் இல்லை. கூர்ட் டாங்க். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பேர்பெற்ற ஃபோக்க-வுல்ஃப் 190 விமானத்தை உருவாக்கியவர். போர் முடிந்ததும் அர்ஜென்டினாவுக்குப் போய் பெரோனுக்காக ‘புல்கி 2’ என்ற ஜெட்டைச் செய்தார். 1955-இல் பெரோன் ஆட்சி கவிழ்ந்தது. 1956-இல் டாங்க் தன் சகாக்களோடு பெங்களூரு வந்து சேர்ந்தார். விமானப்படை அவரிடம் கேட்டது மாக் 2. அதாவது ஒலியைப் போல இரு மடங்கு வேகம். அதற்கேற்ற உடலைத்தான் அவர் வரைந்தார். முதலில் முழு அளவில் மரத்தாலேயே ஒரு மாதிரி செய்து, எஞ்சின் இல்லாமல், டகோட்டா விமானத்தின் பின்னால் கட்டி இழுத்து மேலே கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். 1959-இல் அது சமர்த்தாகப் பறந்தது. இந்த விமானத்துக்குப் பிற்காலத்தில் வந்த தொல்லைகளை யோசித்தால், எஞ்சின் இல்லாமல் பறந்த நாட்கள்தான் அதன் நிம்மதியான நாட்கள் என்று தோன்றுகிறது.

தொல்லை எல்லாம் எஞ்சினால் வந்தது. மாருத்துக்கென்று மனதில் வைத்திருந்தது பிரிட்டனின் ஆர்ஃபியஸ் வரிசையில் ஆஃப்டர்பர்னரோடு வரவிருந்த ஒரு புது எஞ்சின். ஆஃப்டர்பர்னர் என்றால், வெளியேறும் சூடான வாயுவில் மறுபடியும் எரிபொருளைப் பீய்ச்சிக் கொளுத்திக் கூடுதல் உந்துதல் வாங்குவது. அந்த எஞ்சினைப் பிரிட்டன் பாதியில் கைவிட்டது. மேற்கொண்டு உருவாக்க வேண்டுமானால் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற பேச்சு வந்தபோது டில்லி கையை விரித்தது. ஆக, கையில் இருந்த சாதாரண ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டை வைத்துக் கட்ட வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றும் சுமார் 2,200 கிலோ உந்துதல். குட்டி விமானமான நாட் இதே ஆர்ஃபியஸ் குடும்பத்து எஞ்சின் ஒன்றை வைத்துக்கொண்டு துள்ளிக் குதித்தது. மாருத்தின் உடம்புக்கு இரண்டும் போதவில்லை. வேறு எஞ்சின் கிடைக்காதா என்று ஊர் ஊராக அலைந்தார்கள். 1960-களில் எகிப்து சொந்தமாக ஓர் எஞ்சின் செய்துகொண்டிருந்தது. ஒரு மாருத்தையே அங்கே அனுப்பி அதைப் பொருத்திப் பார்த்தார்கள். அந்தச் சம்பந்தமும் கூடிவரவில்லை. மாக் 2 என்று ஜாதகத்தில் எழுதிய விமானம் ஒலியின் வேகத்தின் வாசற்படிவரை போய் அங்கேயே நின்றுவிட்டது.

இந்தக் கதையின் சாட்சியை மாருத்தின் கன்னத்திலேயே பார்க்கலாம். காக்பிட்டின் இரு பக்கமும் காற்று உள்ளே போகும் வாய்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வாயிலும் நெடுக்காக வகிர்ந்த கூம்பு ஒன்று, பாதி மட்டும், உடலோடு ஒட்டினாற்போல முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. ஒலியைவிட வேகமாகப் போகும்போது முன்னால் எழும் அதிர்ச்சி அலையை அந்தக் கூம்பின் நுனி பிடித்து, காற்றை வேகம் குறைத்து எஞ்சினுக்குள் அனுப்ப வேண்டும். அந்த வேகமே வராத விமானத்தில் அந்தக் கூம்பு ஆயுள் முழுக்கத் தயாராக நின்றது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஆணிகளின் வரிசை அதன் ஓரமாக வளைந்து போகிற ஒழுங்கைப் பார்த்தால், செய்தவர் இதை நம்பித்தான் செய்திருக்கிறார் என்று தெரிகிறது. நுனியில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. காற்று அடித்துப் போகாது என்று அதற்கு யாரோ உத்தரவாதம் கொடுத்திருக்க வேண்டும்.

அதற்காக மாருத்தைக் குறைத்துப் பேச நான் ஒப்ப மாட்டேன். 1961 ஜூனில் அதை முதன்முதலில் மேலே கொண்டுபோனவர் சுரஞ்சன் தாஸ். 1970 ஜனவரியில், அதே மாருத்தின் மேம்படுத்திய வடிவம் ஒன்றைச் சோதித்தபோது விபத்தில் இறந்தார். அருங்காட்சியகத்துக்குப் போகிற வழியில் சுரஞ்சன் தாஸ் சாலை இருக்கிறது. அந்த நெரிசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அது யார் பெயர் என்று தெரியுமோ. பயிற்சி விமானங்களையும் சேர்த்து மொத்தம் 147 மாருத்துகள் கட்டினார்கள். மூன்று படைப்பிரிவுகள் ஓட்டின. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையைத் தாண்டிப் போய்த் தாழப் பறந்து தாக்கின. அந்த உயரத்தில் அது கல் போல உறுதியாகப் பறக்கும், கை நடுங்காமல் குறி வைக்கலாம் என்று ஓட்டியவர்கள் மெச்சியிருக்கிறார்கள். தரையிலிருந்து சுட்டதில் ஓர் எஞ்சின் போனாலும் மற்றதை வைத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறது. அந்த டிசம்பர் 7 அன்று பக்ஷி என்ற ஸ்குவாட்ரன் லீடர் மாருத்தில் இருந்தபடியே ஒரு சேபர் ஜெட்டையும் வீழ்த்தினார். மாப்பிள்ளைக்கு உத்தியோகம் சின்னது. ஆனால் வேலைக்குப் போனவன்.

இதையெல்லாம் யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போல இருந்தது. அப்போதுதான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, பின்னால் கட்டிய கை. இறக்கைக்கு எதிரே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி மனிதர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். இந்த விமானத்துக்கு ஆணி அடித்த கையாக இருக்கும். மெல்லப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டேன்.

“ஐயா இதில வேலை பார்த்தவங்களா?”

“நான் பேங்க்ல இருந்தேன்” என்றார் தெளிவான தமிழில். “இந்த பெஞ்சுக்குத்தான் மத்தியானம்வரை வெயில் வராது.”

“விமானத்தையே பார்த்துக்கிட்டிருந்தீங்களே...”

“எதிர்ல அதுதானே இருக்கு?”

பதிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுந்து வெளிச்சத்தைப் பார்த்தேன். மோசமாகிக்கொண்டிருந்தது. உச்சி வெயிலில் விமானத்தைப் படம் எடுப்பது வீண். முதுகெல்லாம் வெள்ளையாகப் பளபளக்கும், வயிறெல்லாம் கன்னங்கரேல் என்று போய்விடும். வயிற்றுக்கு வெளிச்சம் வைத்தால் வானம் வெளுத்துப் பால் போலாகிவிடும். இடையில் மரநிழல் இறக்கையின் மேல் சிறுத்தைப் புள்ளி போட்டிருந்தது. இதையெல்லாம் ஜெயிக்க ஒரே வழி, தரையோடு தரையாகப் போவது. அகன்ற கோண லென்ஸைப் போட்டு, மூக்குக்குக் கீழே இருந்து மேல்நோக்கி எடுத்தால் மரம், கட்டடம், ஜனங்கள் எல்லாம் படத்தின் அடியில் ஒடுங்கிப் போவார்கள். பக்கத்தில் இருக்கிற மூக்கு ஈட்டி போல நீளும். இறக்கைகள் இன்னும் பின்னோக்கிச் சரிந்தது போலத் தெரியும். நிற்கிற விமானம் பாய்கிற விமானமாகிவிடும். புகைப்படக்காரர்கள் இதைக் குறை என்பார்கள். லென்ஸ் உருவத்தைச் சிதைக்கிறதாம். மாருத்தைப் பொறுத்தவரை அது சிதைவு இல்லை, நிலுவை. பிரிட்டனும் எகிப்தும் டில்லியும் கொடுக்காமல் விட்டதைத்தான் லென்ஸ் கொடுக்கிறது.

தடுப்புச் சங்கிலியின் ஓரமாகக் குனிந்தபோது காவலர் வந்தார். காக்கிச் சட்டை, விசில். நான் தமிழில் முனகியதைக் கேட்டுத் தமிழிலேயே ஆரம்பித்தார்.

“சார், சங்கிலிய தாண்டக் கூடாது.”

“தாண்டலைங்க. இங்கேயே படுத்துக்கலாமா?”

யோசித்தார். ரூல்ஸ் புத்தகத்தை மனதுக்குள் புரட்டினார் போலும். “படுக்கறதுக்கு ஒண்ணும் சொல்லல” என்றார்.

படுத்தேன். ஐம்பதை நெருங்குகிற ஒரு மனிதன் பட்டப்பகலில் புல்தரையில் மல்லாந்து படுத்தால் நம் ஜனங்கள் பார்த்துக்கொண்டு போக மாட்டார்கள். முதலில் ஓர் அம்மா “அய்யோ” என்றார். பிறகு நிழல்கள் என்னைச் சூழ்ந்தன. “ஷுகரா சார்?” என்று ஒரு குரல். “காற்று விடுங்க, காற்று விடுங்க” என்று சொன்னவர் காற்றை முழுக்க மறைத்துக்கொண்டு நின்றார். உள்ளங்கையில் விமானத்தைத் தாங்கப் பார்த்த இளைஞன் என் தலையை அதே உள்ளங்கையில் தாங்கினான். நான் “போட்டோ, போட்டோ” என்று சொல்வதை ஜன்னி என்று எடுத்துக்கொண்டு யாரோ தண்ணீர் தெளித்தார்கள். கேமராவுக்கும் கொஞ்சம் கிடைத்தது. கடைசியில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மனைவி வந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். “ஒண்ணுமில்லைங்க, இவர் இப்படித்தான்” என்று எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தாள். கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது. மாமனார் மட்டும் பாதிப் புளியோதரையோடு அங்கேயே நின்று, “மாப்பிள்ளை, வேட்டி கட்டிட்டு வந்திருந்தா இப்படிப் படுத்திருக்க முடியுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்வி.

கலைந்த கூட்டம் தூரப் போகவில்லை. மாருத்தைச் சுற்றியே நின்றது. என் லென்ஸுக்குள் மூக்கு, அதன் அடியில் செருப்புக் கால்கள், ஐஸ்கிரீம் குச்சி, ஒரு பச்சை பலூன். எடுத்த படங்கள் ஒவ்வொன்றிலும் பலூன் இருந்தது. குழந்தை நகர்ந்தாலும் பலூன் நகர்வதாக இல்லை.

அப்போதுதான் தெற்கே இருந்து அந்தச் சத்தம் வந்தது.

அருங்காட்சியகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பழைய விமான நிலையத்தின் ஓடுபாதை இருக்கிறது. 2008-இல் தேவனஹள்ளியில் புது விமான நிலையம் திறந்ததும் பயணிகள் கூட்டம் அங்கே போய்விட்டது. ஆனால் எச்.ஏ.எல். கட்டுகிற விமானங்கள் இன்னமும் இந்தப் பழைய ஓடுபாதையில் இருந்துதான் சோதனைக்குக் கிளம்புகின்றன. முதலில் தரை அதிர்ந்தது. அப்புறம் காது அடைத்தது. வானத்தையே கிழித்துப் போடுகிற மாதிரி ஒரு முழக்கம். “தேஜஸ்! தேஜஸ்!” என்று காவலர் விசிலை எடுத்துவிட்டுக் கத்தினார். அவர் தினமும் பார்ப்பவர்; அவருக்கே அந்த உற்சாகம். குடும்பங்கள், தம்பதி, உள்ளங்கை இளைஞன், பச்சை பலூன், பேங்க் பெரியவர் எல்லோரும் மரம் மறைக்காத வெட்டவெளியைப் பார்த்து ஓடினார்கள். அத்தனை போன்களும் வானத்தைப் பார்த்துத் திரும்பின. என் மாமனார் கையைக் குடையாகப் புருவத்தில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார். மைலேஜ் கணக்குப் போடுகிறார் என்று உதடு அசைவிலேயே தெரிந்தது.

மாருத்தைச் சுற்றி ஒரு ஈ, காக்கை இல்லை.

இப்படி ஒரு வாய்ப்பு வரும்போது மனிதனுக்கு இரண்டு ஆசை முட்டிக்கொள்ளும். மேலே நிஜமான ஜெட், நிஜமான வேகம், கிடைத்தற்கரிய காட்சி. கீழே நகரவே நகராத ஒன்று. உலகத்தில் எவனுமே மேலேதான் பார்ப்பான். நான் பார்க்கவில்லை. மறுபடி படுத்தேன். இந்த முறை தண்ணீர் தெளிக்க ஆளில்லை. மூக்கின் அடியில் லென்ஸைக் கொண்டுபோனேன். சூரியனை வாலுக்குப் பின்னால் மறைத்தேன். வயிறு கறுத்துப் போகாமல் இருக்க, கேமராவின் குட்டி ஃப்ளாஷைத் தட்டிவிட்டேன். எதிரே வானம் நீலமாக விழுந்தது. பாதிக் கூம்பின் விளிம்பில் ஒரு கீற்று வெளிச்சம் ஓடியது. சிலந்தி வலைகூட மின்னியது. அமுக்கினேன். பின்னணி இசை தேஜஸ் உபயம்.

முழக்கம் தேய்ந்ததும் கூட்டம் திரும்பி வந்தது. அவரவர் போனைப் பார்த்தார்கள். வெறும் நீல வானம், ஒரு மரக்கிளை, சிலருக்குக் கொசு அளவில் ஒரு புள்ளி. பலூன் குழந்தையின் அப்பா அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அது பருந்து.

தேஜஸுக்கும் ஜாதகத்தில் அதே கட்டம் இருக்கிறது என்பதை அங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை. அதற்கென்று நம் நாட்டில் ‘காவேரி’ என்ற பெயரில் ஓர் எஞ்சினை உருவாக்க முனைந்தார்கள். வேண்டிய உந்துதல் வரவில்லை. 2001-இல் தேஜஸ் முதன்முதலாகப் பறந்தது அமெரிக்காவின் எஃப்-404 எஞ்சினில். இன்றும் அந்தக் குடும்பத்து எஞ்சினில்தான் பறக்கிறது. உடம்பு உள்ளூர், நெஞ்சு அசலூர் என்பது இந்த வளாகத்தில் பழைய வியாதி. ஒரே ஒரு வித்தியாசம், தேஜஸுக்குப் பொருத்தமான வரன் கிடைத்து, ஒலியை முந்தி ஓடவும் செய்கிறது. மாருத் அதைப் புல்தரையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது.

அன்று இரவு படங்களைப் பார்த்துக் கழித்துக் கட்டியதில் அந்த ஒன்று மட்டும் தேறியது. ஆள் இல்லை, பலூன் இல்லை. மாருத் சும்மா நிற்கிறது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தரையை விட்டு இப்போதுதான் எழும்பியது போல இருந்தது. குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன்.

முதல் பதில் அத்தையிடமிருந்து. “ஏன் யாருமே இல்ல? எல்லாரும் எங்க போனீங்க?” அடுத்தது சித்தப்பா. “நெட்டில் எடுத்ததா?” பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மைத்துனன் தன் போனில் எடுத்த படத்தை அதன் கீழேயே போட்டான். குடும்பம் முழுக்க வரிசையாக நிற்கிறது. பின்னால் சாம்பல் நிறத்தில் என்னவோ ஒன்று. ஓரத்தில் தரையில் இரண்டு கால்கள்; அவை என்னுடையவை. அதற்கு விழுந்த இதயங்களை எண்ணி மாளவில்லை.

கடைசியில், கோவையில் பொறியியல் படிக்கிற அக்கா மகன் என் படத்தைத் தேடிப் பிடித்துக் கேட்டான்.

“மாமா, செம. இது என்ன ஸ்பீடு போகும்?”

“படத்துல பார்த்தா உனக்கு எவ்வளவு தோணுது?”

கொஞ்ச நேரம் எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான்.

“மாக் 2 இருக்கும்.”

ஒரு கட்டைவிரலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். கூர்ட் டாங்க் கேட்டிருந்தால் மறுத்திருக்க மாட்டார்.

மாமனார் மட்டும் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து அந்த உரையாடலைப் படித்திருக்கிறார். அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: “வேகம் சரி. மைலேஜைப் பற்றி மாப்பிள்ளை கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.”